இன்னும் ரெண்டு இழு

என் அத்தை கோரலி, ஹாக்கர் என்ற சிற்றூரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஆனால் அவரை நினைத்தால் எனக்குப் பேருந்து ஞாபகம் வருவதில்லை. ட்ரெய்லரின் மேல் முழங்காலிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டியைக் கட்டும் பட்டையை இழுக்கும் கோலம்தான் வருகிறது.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் லிண்ட்சே மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். முன்னூற்று நாற்பது கிலோ. பண்ணையிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் மேடும் பள்ளமுமான மண்சாலை. அந்தக் கனத்தை அதில் ஓட்ட முடியாது. அதனால் ட்ரெய்லரில் ஏற்றி அத்தை கட்டுவார். மாமா சுற்றி வந்து, கிட்டார் கம்பியைச் சுண்டுவதுபோலப் பட்டையைக் கட்டைவிரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

"துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது. இன்னும் ரெண்டு இழு, கோரி."

"முடியாது. முன்பக்க ஸ்ப்ரிங்க முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிடும். உன் முட்டி மாதிரி அதுக்கும் கொஞ்சம் மடங்க இடம் வேணும்."

மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த முதல் கம்பித் தடுப்பைக் கடந்ததும் காரை நிறுத்தி, அத்தை பட்டைகளைத் தொட்டுப் பார்ப்பார். மாமா உள்ளே உட்கார்ந்து இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைத் தின்றபடி, "என்ன, ஓடிப்போச்சா?" என்பார். பின்சீட்டில் நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விதான், அதே சிரிப்புதான்.

பிறகு மாமாவுக்கு ஞாபகம் கழன்றுபோகத் தொடங்கியது. போர்ட் அகஸ்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். போன குளிர்காலத்தில் அத்தை தேநீர்க் கோப்பையை நீட்டியபோது, நர்ஸ் என்று நினைத்து, "நன்றி, சிஸ்டர்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வண்டியை அவரிடம் கொண்டுபோகப் போவதாக அத்தை சொன்னார்.

"அக்கா, உன்னையே தெரியல. வண்டியவா தெரியப்போவுது?" என்றார் அப்பா.

"தெரியலன்னா வித்துடறேன். அப்புறம் அது நிக்கிற ஷெட்டுப் பக்கமே போகமாட்டேன்."

இருவரும் சேர்ந்து வண்டியை ட்ரெய்லரில் தள்ளி ஏற்றினார்கள். அத்தை ஃபிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி வருவதற்குள், அப்பா சைடு ஸ்டாண்டைப் போட்டு, அதன்மேல் வண்டியைச் சாய்த்து, இறுக்கிக் கட்டிவிட்டார். அத்தை வந்து எல்லாவற்றையும் அவிழ்த்தார்.

"கால் மணி நேரம் கட்டினேன்!"

"பார்த்தாலே தெரியுது. டேய் கிரேம், பட்டை கீழ இழுக்குது, ஸ்டாண்டு மேல தள்ளுது. முதல்ல வளையறது ஸ்டாண்டு. அப்புறம் பட்டை தொளதொளன்னு ஆயிடும், வண்டி ரோட்டுல கிடக்கும்."

ஸ்டாண்டை மடக்கி வண்டியை நேராக நிறுத்தினார். ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டை கோத்து, இடம் வலம் மாறி மாறி இழுத்து, முன்பக்கத்தைப் பாதி மட்டும் அமுக்கினார். பின்பக்கத்தையும் கட்டி, காற்றில் அடிக்காதபடி மிச்ச நுனிகளை முடிச்சுப் போட்டார்.

கம்பித் தடுப்பைத் தாண்டியதும் இறங்கிப் பார்த்தார். "என்ன, ஓடிப்போச்சா?" என்று கேட்டார் அப்பா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இல்லத்தின் வாசலுக்கு மாமாவை அழைத்து வந்தார்கள். அவர் யார் வண்டியையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். இன்ஜின் சத்தம் கேட்டாலாவது ஞாபகம் வருமா என்று அத்தை சாவியோடு குனிந்தார். அதற்குள் மாமா மெல்ல ட்ரெய்லரின் மறுபக்கம் நடந்துபோய், பட்டையைக் கட்டைவிரலால் சுண்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொடி மாதிரி தொங்குது. இன்னும் ரெண்டு இழு, கோரி."

அத்தையின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"முடியாது. சீல் போயிடும்," என்றார்.

"போகாது."

"போகுங்கறேன்."

தேநீர் வரும்வரை இருவரும் அப்படியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது மாமா அத்தையிடம், "நன்றி, சிஸ்டர்" என்றார்.

திரும்பும் வழியில், மண்சாலை தொடங்கும் இடத்தில் அத்தை காரை நிறுத்தினார். ட்ரெய்லரில் ஏறி, முன்பட்டைகள் இரண்டையும் கூடுதலாக இரண்டிரண்டு முறை இழுத்தார்.

"சீல் போயிடாதா, அக்கா?" என்று கேட்டார் அப்பா.

"போனா மாத்திக்கலாம்," என்றார் அத்தை.