டீசல் மிச்சம், ஏற்றத்தில் ஆபத்து

காலை ஏழு பத்து. மும்பையிலிருந்து புனே போகும் வழியில், கண்டாலா மலைப்பாதையில் சன்னலுக்கு வெளியே மைல்கல் முன்னோக்கி நகர்ந்தது. எஞ்சின் நின்றுபோய், பிரேக்கும் தாங்காமல், எங்கள் லாரி பாரம் ஏற்றிய டிரெய்லரோடு பின்னால் சரிந்துகொண்டிருந்தது.

டீசல் செலவு குறையட்டும் என்று, வேகத்தைக் கூட்டி இழுவைத் திறனைக் குறைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனைப் பின் ஆக்சிலில் மாட்டச் சொன்னவன், லாரிப் பராமரிப்பைப் பார்க்கும் நான்தான். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மும்பை செம்பூரின் சமதளச் சாலையில்தான் சோதித்திருந்தேன்.

டிரைவர் செல்லையா ஸ்டீயரிங்கை ஒடித்தார். டிரெய்லரின் வால் மலைச்சுவரில் முட்டி நின்றது. மறுபக்கம் பள்ளம்.

"டீசலு மிச்சந்தான் அண்ணாச்சி! வண்டி ஏறுனாத்தானே செலவாவும்!" என்றார்.

லாரியை இழுத்து இறக்கியதும், பழைய பினியனையே திரும்ப மாட்டினோம். இப்போதெல்லாம் முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த மாற்றத்தையும் நான் ஏற்பதில்லை.

அடுத்த வாரம் அதே எடையோடு கண்டாலா ஏறிய செல்லையா, காலை ஒன்பது மணிக்கு, ஏற்றம் முடியும் லோனாவாலாவில் தேநீர் குடித்தார்.