எண்ணெய் பூசிய கை

காலை எட்டு இருபதுக்கு வெள்ளவத்தை கிளினிக்கில் தம்பி சட்டையைக் கழற்றியபோது, அவனுடைய வலது மேற்கை எண்ணெயில் மினுங்குவதைத்தான் முதலில் கண்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படுமுன் அவன் மனைவி கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தேய்த்துவிட்டிருந்தாள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து மூன்று மாதமாக அந்தக் கை மடங்கவில்லை. தசை வேலை செய்கிறது என்று அறிக்கை வந்தால்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டத் திரும்பலாம்.

பரிசோதிக்கும் பெண் தோலின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டினார். தசையின் மின்துடிப்பைக் காட்டும் மெஷினின் திரையில் கோடு துள்ளியது.

"அண்ணே, பாருங்க! சும்மா இருக்கும்போதே குதிக்குது. மடக்கினா மெஷின் வெடிச்சிரும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது தசை இல்லை. எண்ணெயில சரியா ஒட்டாததால வாற குழப்பம்."

ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்து, புதிதாக ஒட்டினார். "இப்ப மடக்கப் பாருங்கோ."

தம்பியின் கழுத்து நரம்புகள் புடைத்தன. கோடு நேராகவே ஓடியது.

"மெஷின் பழுதா, மிஸ்?" என்று கேட்டான்.

அவர் அதே வயர்களை அவனுடைய இடது கையில் பொருத்தினார். அவன் அதை மடக்கியதும் கோடு திரையின் உச்சிவரை எழுந்தது.