சேவியர் அண்ணை எழுதாமல் விட்ட வழக்கம்

சிட்னியில் பராமட்டாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணையின் மகள் அழைத்தாள். "அப்பா விடியப்புறம் போயிட்டார், அன்ரி." அழுகைக்கு முதல் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கிழமை அவர் ஒரு வழக்குக்காக, தனக்குத் தெரிந்ததைச் சத்தியம் செய்து சொல்லும் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க இருந்தார். என்னைப்போல் அவரோடு சட்டத்தரணியாக வேலை செய்தவர்களுக்கு என் கோபம் விளங்கும்.

இளம் சட்டத்தரணியாக இருந்த காலத்தில், பசிபிக்கில் ஒரு சின்னத் தீவு ராச்சியத்துக்கு அரசியலமைப்பு எழுத உதவியவர் அவர். அதன்படி அடுத்த மன்னர் யார்? 'வழக்கப்படி.' வாரிசு குழந்தையாக இருந்தால் இடையில் ஆளும் உறவினர் எப்போது விலக வேண்டும்? அதுவும் 'வழக்கப்படி.' அந்த வழக்கம் என்னவென்று வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் கேட்டு வந்தவர், அதில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. "எழுதினால் அது அந்தச் சனத்தின்ர கையை விட்டு எங்கட கைக்கு வந்திடும், பிள்ளை" என்பார். நல்ல கொள்கைதான். ஆனால் சொன்ன முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மெல்பேர்னில் ஒரு கருத்தரங்கு. எழுதாத வழக்கம் சட்டமாகாது என்று ஒரு பேராசிரியர் அடித்துச் சொன்னார். அண்ணை எழும்பி, பேராசிரியரின் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்தத் தீவில் மன்னர் இறந்தபோது குழந்தையாக இருந்த வாரிசு இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இடைக்கால ஆட்சியாளரான சித்தப்பாவோ, அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று கதிரையை விடமாட்டேன் என்கிறார். வாரிசின் தரப்பில் வழக்கு எங்களிடம் வந்தது. வென்ட்வேர்த்வில் கடையொன்றில் கொத்து ரொட்டி சாப்பிட்டபடி அண்ணை எனக்கு அந்த வழக்கத்தைச் சொன்னார். வயது கணக்கே இல்லையாம். இரண்டு குலங்களின் சண்டையை வாரிசு தீர்த்து, இரு பக்கமும் அதை ஏற்றுக்கொண்டால், அன்றே இடையில் ஆள்பவர் எழும்பிவிட வேண்டுமாம். வாரிசு இரண்டு குலங்களுக்கிடையிலான ஒரு காணிச் சண்டையை எப்போதோ தீர்த்துவிட்டார். ஊரே பார்த்திருக்கிறது. நான் மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணை அதை மூடினார்.

"இந்த ஒருக்கா எழுதுவம் அண்ணை" என்று கெஞ்சினேன். ரொட்டித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி, வாற கிழமை" என்றார்.

அடக்கம் முடிந்த அன்று வாரிசு தொலைபேசியில் வந்தார். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. அண்ணை சொன்னதை நான் என் காதால் கேட்டேனா என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். அப்படியென்றால் நீங்களே எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். யாரோ சொன்னதை அண்ணை கேட்டு, அண்ணை சொன்னதை நான் கேட்ட கதை. எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தூக்கி எறியும். எறியட்டும். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வழக்கம்தான். அதுவும் இப்போது எழுத்தில், என் கையெழுத்தோடு இருக்கிறது. பார்த்தால் திட்டித் தீர்ப்பார். திட்டத்தான் ஆளில்லை.