குளிர் அறையின் பின்கதவு

தொழிற்சாலைப் பாதுகாப்புச் சோதனை என்பது, நமக்காகவே கழுவித் துடைத்து வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வரும் உத்தியோகம். அரசாங்கத்தில் இதே மாதிரி வேலை பார்த்து அல்லல்படுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சொல்லிவிட்டுப் போனது

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மீன் பதனிடும் கம்பனி. அலுவலக வழக்கப்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் போனேன். தரை பளபளத்தது. எல்லோர் கையிலும் புதுக் கையுறை. குளிர் அறையில், குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தால் ஆட்கள் வெளியேறும் பின்கதவை முகாமையாளர் நிஸ்தார் திறந்து காட்டினார். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு திரும்பும்போது, மீன் வெட்டிக்கொண்டு நின்ற லிங்கநகரிலிருந்து வேலைக்கு வரும் ரீற்றா தலை நிமிராமலே சொன்னாள்:

“மிஸ், நீங்கள் வாற நாளில மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும்.”

சொல்லாமல் போனது

அடுத்த கிழமை அறிவிக்காமலே போய் நின்றேன். பின்கதவில் சங்கிலியும் பூட்டும். ஏன் என்று கேட்டால், இறால் களவு போகுதாம். பூட்டின் திறப்பைக் கேட்டேன். காவலாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். திறப்பும் அவரோடு போயிருந்தது. உள்ளே பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பூட்டை உடைக்கச் சொல்லி, அன்றைய வேலையையும் நிறுத்தினேன். நிஸ்தார் கோபப்படவில்லை. மனம் நொந்துபோய்க் கேட்டார்:

“சொல்லிப்போட்டு வந்திருந்தால் திறந்து வைச்சிருப்பம்தானே, மிஸ்?”

நிஸ்தாரின் அழைப்பு

சில மாதங்களுக்குப் பிறகு அவரே ரெலிபோன் எடுத்தார். அமோனியாக் குழாய் வெடித்துவிட்டது. எல்லோரும் பின்கதவால் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியாக வந்த ரீற்றாவுக்குத்தான் வாயு கண்ணில் பட்டுவிட்டது. குழாய் பழசு என்று தெரிந்தும் மாற்றாதது தங்கள் பிழை என்றார். விஷயத்தை வெளியே விட வேண்டாம் என்று கொழும்புத் தலைமையகத்திலிருந்து சொன்னார்களாம், அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரீற்றாவின் கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். ஒரு கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பாது என்றார்கள். கம்பனியை நிரந்தரமாகவே மூட வேண்டும் என்று மேலதிகாரி அம்மாவிடம் கத்தினேன். அவர் வழக்குப் போட்டார். வைத்தியச் செலவையும் சம்பளத்தையும் கம்பனியின் தலையில் வைத்தார். ஆனால் குழாய்களை மாற்றினால் திறக்கலாம் என்றும், பிழையைத் தாங்களே கூப்பிட்டுச் சொன்னார்கள் என்றும் அறிக்கையில் எழுதினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பேனையை மூடிக்கொண்டே சொன்னார்:

“தானாச் சொன்னவனுக்கும் மறைச்சவனுக்கும் ஒரே தண்டனை எண்டால், இனி ஆர், பிள்ளை, எங்களுக்குச் சொல்லப்போகினம்?”

என்னைக் கண்டு சந்தோஷப்படும் கம்பனி இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆனாலும் பிழை நடந்தால் தாங்களே கூப்பிட்டுச் சொல்லும் முகாமையாளர்கள் இப்போது இரண்டொருவர் இருக்கிறார்கள், அதையே பதவி உயர்வு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.