கூடத்தில் வளர்ந்த மழைக்காடு

ராஜேஷ்குமார் தர்மபுரிக்காரர். பெங்களூரில் மென்பொருள் கம்பெனி வேலை. விவேக் நகரில் பவுலின் ஆன்ட்டி வீட்டு மாடியில் குடித்தனம். மனைவி லாவண்யாவின் முகம் வாடினால் அவருக்கு லேசில் தெரியாது. செடியின் இலை வாடினால் சாப்பாடு இறங்காது.

முதலில் வந்தது கலாத்தியா என்ற அழகுச்செடி. வந்த வேகத்தில் அதன் இலை ஓரமெல்லாம் கருகியது. பெங்களூர்க் காற்றில் ஈரம் போதாது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். உடனே பனிபோல நீர்த்திவலை கக்கும் ஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கினார். ஒரு செடிக்காக இவ்வளவு பெரிய மெஷினா என்று மனம் உறுத்தியதால், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், தொட்டியில் குறுக்கி வளர்த்த ஆலமர பான்சாய் என்று கூடத்தை நிறைத்தார். ஈரம் வெளியேறாதிருக்க சன்னல்களைச் சாத்தினார். காற்றின் தரம் காட்டும் மீட்டரும் சுவரில் ஏறியது.

லாவண்யா கடுகு தாளித்தால் மீட்டர் சிவப்பாகிவிடும்.

“பாரு, எவ்ளோ ஏறிடுச்சு. செடிக்கு ஆகாது.”

“தாளிக்காம ரசம் எப்டிங்க வெக்கிறது?”

“வெச்சுத்தான் பாப்போமே.”

வைத்தாள். அந்த ரசத்தை அவராலேயே விழுங்க முடியவில்லை. யோசித்து, கரண்ட் அடுப்பைத் தூக்கிப் பால்கனியில் வைத்தார். சமையல் வெளியே போனது. காடு உள்ளே தழைத்தது.

உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. துவைத்த துணி காயவில்லை. ஒருநாள் லாவண்யா தன் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து வந்து விரித்தாள். மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூஞ்சை. ராஜேஷ்குமார் கிட்டே வந்து பார்த்தார்.

“அப்போ பீரோ வரைக்கும் ஈரம் போயிருக்கு,” என்றார். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது.

லாவண்யா புடவையை மடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அங்கே வெயில் இருந்தது, காற்று இருந்தது, கீழே பேச பவுலின் இருந்தார். நாளடைவில் அவள் காய் நறுக்குவது, சாப்பிடுவது, ஃபோன் பேசுவது எல்லாம் அங்கேயே என்றானது. உள்ளேயே இருந்து ஆபீஸ் வேலை பார்த்த ராஜேஷ்குமாருக்கு இருமல் பிடித்தது, மருந்துக்கு அடங்கவில்லை.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். “வீட்ல எங்கயாவது ஈரம் கசியுதா?”

“கசியல சார். நானேதான் மெயின்டெயின் பண்றேன். எண்பது பர்சென்ட்.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். “எதுக்கு, உங்களுக்கா?”

“செடிக்கு சார்.”

“அதை ஆஃப் பண்ணிட்டு சன்னலைத் திறங்க.”

விஷயம் முடிந்தது என்று கூட வந்திருந்த லாவண்யா நினைத்தாள். ராஜேஷ்குமார் வழியெல்லாம் யோசித்தபடி வந்தார். ஈரம் குறைந்தால் கலாத்தியா தாங்காது. தாம் எப்படியும் தாங்கிக்கொள்ளலாம். பாயைச் சுருட்டிப் பால்கனிக்குக் கொண்டுபோனார்.

காலையில் பால் வாங்க வந்த பவுலின் அண்ணாந்து பார்த்தார்.

“என்னம்மா லாவண்யா, சண்டையா?”

“இல்ல ஆன்ட்டி. செடிங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு வெளிய படுத்திருக்காரு.”

பவுலின் மாடியேறி வந்தார். கூடத்துச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்தார். எல்லாச் சன்னல்களையும் திறந்தார். ஹியூமிடிஃபையர் பிளக்கைப் பிடுங்கினார்.

“தம்பி, இது நான் குடியிருக்க விட்ட வீடு. காடு வேணும்னா காட்டுக்குப் போப்பா.”

செடிகள் பால்கனிக்கு வந்தன. கலாத்தியா ஓரிரு இலைகளை உதிர்த்துவிட்டுத் தேறிக்கொண்டது. ஆலமரம் கொத்தாகத் துளிர்த்தது. ராஜேஷ்குமாரின் இருமலும் நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை, துளிரைத்தான் படம் எடுத்தார்.

அந்தப் படத்தோடு, ‘செடிகளை இயற்கைச் சூழலுக்குப் பழக்குவது எப்படி’ என்று ஆபீசில் ஒரு மணிநேரம் பேசினார். நீண்ட ஆராய்ச்சியின் முடிவு என்றார். பலத்த கைதட்டல். ரிசப்ஷன் செடிகளையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். செடிகளின் நலன் கருதி அந்தத் தளம் முழுவதும் ஏசியை நிறுத்தும்படி எழுதிக் கேட்டிருக்கிறார். நிர்வாகம் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.