லில்லி தொடாத செருப்புகள்

காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினோம், நானும் என் தங்கை லில்லியும். திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த லில்லிக்கு வயது நாற்பத்திரண்டு. அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். சில மாதங்களாக வீட்டுக்குள்ளேயே அவளுக்கு வழி தப்புகிறது. இவளைப் போன்றவர்களுக்கு நடுவயதிலேயே வரும் மறதி நோயை திருவனந்தபுரம் வலியசாலையில் ஓர் ஆய்வு மையத்தில் ஆராய்கிறார்கள் என்று எங்கள் டாக்டர்தான் அனுப்பிவைத்தார். கர்த்தரே, இவளுக்கு இதுவும் வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

குழித்துறையில் ஏறி எதிரே உட்கார்ந்த ஓட்டல்காரர் ஒருவர் லில்லியைப் பார்த்தார். "பிள்ள நல்ல அமைதியாட்டு இருக்கே!"

"ரெண்டு வருசமா நல்ல புத்தி வந்துட்டு" என்றேன் பெருமையாக. என் வாயில் மண் விழ.

எட்டே முக்காலுக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினோம். "தமிழா? கேறுங்க சேச்சி, நாப்பது ரூபா" என்றார் ஆட்டோக்காரர். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்கிற சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். லில்லி திரும்பவே இல்லை.

மையத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எங்களுடையதையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனோம். கேள்வி கேட்ட ஆராய்ச்சிப் பெண் வலியசாலைத் தமிழ் அக்ரகாரத்துக்காரி.

"அக்கா, இவ முன்னாடி தானா செஞ்சிண்டிருந்தது, இப்போ செய்யாதது ஏதாவது சொல்லுங்கோ. அதை வச்சாத்தான் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியும்."

குளிப்பாட்டுவது, தலை சீவுவது, பொத்தான் போடுவது எல்லாமே முதலில் அம்மா, பிறகு நான். பாசம் என்று அவளை ஒன்றும் செய்யவிடவில்லையே, பிறகு எதைச் சொல்வது? அப்போதுதான் செருப்பு நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் லில்லி அவர்கள் செருப்பை எடுத்து ஜோடி சேர்த்து, கிளம்பும்போது கால் நுழைக்க வசதியாகத் தெருப்பக்கம் திருப்பி வைப்பாள். யாருடையது எது என்று ஒரு நாளும் தப்பியதில்லை. ஒருவரும் சொல்லிக் கொடுத்த வேலையல்ல. வந்தவர்கள் முகம் சுளித்ததால் "செருப்பைத் தொடாதே" என்று அவள் கையில் அடித்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒருநாள் நிறுத்திவிட்டாள். புத்தி வந்துவிட்டதென்று புதுப் பாவாடை தைத்துக் கொடுத்தேன்.

நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அடிச்சதால நிறுத்தினாளா, மறந்துபோய் நிறுத்தினாளா?"

"தெரியல்ல மக்கா" என்றேன். "இதுக்கு மருந்து உண்டா?"

"மறதி நோய்னா, குணப்படுத்த இப்போ ஒண்ணும் இல்லை அக்கா. ஆனா தைராய்டு, தூக்கம், காது இதெல்லாம் கெட்டாலும் இப்படி ஆகும். முதல்ல அதைப் பாப்போம்." ரத்தம் எடுத்தார்கள். காது சோதித்தார்கள். அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். நாற்பது செருப்பாவது சிதறிக் கிடந்தன.

"ஏட்டி லில்லி, அக்கா செருப்பு எதுன்னு எடுத்து வை, பாப்போம்" என்றேன். "ஏசமாட்டேன்."

அவள் செருப்புகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

தேடிப்பிடித்து அவளுடையதை நான்தான் மாட்டிவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் என் செருப்பில் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமுமாக வேண்டுமென்றே கழற்றிவிட்டு நின்றேன். லில்லி அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.