உபயம் என்று எந்தக் குழந்தைக்கும் பேரில்லை

ஊருக்குப் போய்த் திரும்பி ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜட்கா வண்டிக்காரர்தான் சொன்னார்: "பசங்க ஹோம் அம்மா காலைல தவறிட்டாங்க சார். ஜுரம் ஜாஸ்தியாயிடுச்சாம்." ஈரத் தரையில் படுத்தால் ஜுரம் வராமல் என்ன செய்யும்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் அநாதை விடுதியில் ரூத்தம்மாள் மேட்ரன், நான் வாத்தியார். விடுதி என்பது பழைய தோல் கிடங்கு. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். புதுக் கூரை போட்டுத் தருவதாகத் தோல் மண்டி முதலாளி ஒருவர் முன்வந்தார். அதற்கு முன்னால் குழந்தைகளுக்குச் சட்டை அனுப்பினார். ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் சிவப்பு நூலில் அவர் பெயர், கீழே 'உபயம்'. கோயில் குத்துவிளக்கில் வெட்டுவார்களே, அப்படி!

கடைத்தெருவில் எங்கள் குழந்தைகளுக்குப் பேரே அதுவாகிவிட்டது. "ஏய் உபயம், இங்க வாடா!" ஒருநாள் பந்தியில் சின்னவள் முனியம்மா, "அம்மா, உபயத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு" என்று தட்டை நீட்டினாள். ரூத்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று மாலையே எல்லாச் சட்டையிலும் எழுத்தைப் பிரித்தார். நானும் கூட உட்கார்ந்து பிரித்தேன்.

முதலாளி விடுதிக் கமிட்டியாரோடு வந்து குதித்தார். "குடுக்கறவன் பேரு தெரிய வேணாமா? இன்னா திமிரு!"

"கூரையில எம்மாம் பெருசா வேணும்னாலும் எழுதிக்கங்க. கொழந்த முதுகுல வேணாம். பெத்தவங்க உட்டுட்டுப் போனது அதுங்களுக்குப் பேரு ஒண்ணுதான்" என்றார் அம்மாள்.

கூரை வரவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கமிட்டியார் அவரைத்தான் வைதார்கள். "மாட்டையா குடுத்தாரு? கொழந்தைங்கள இல்ல எடுத்துக்கினாரு!" என்றார் அம்மாள்.

ஐப்பசி மழை கொட்டியது. நனையாத மூலை ஒன்றுதான். அங்கே குழந்தைகளை நெருக்கிப் படுக்கவைத்துவிட்டு, ஒழுகும் பக்கத்தில் அவர் படுத்தார். "நாம பண்ணது தப்பா சார்?" என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

நேற்று கமிட்டியார் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அவர் பெயரில் சலவைக்கல் பதிக்கப் போகிறார்களாம். கல் அந்த முதலாளியின் உபயமாம்! வெட்கம் மானம் எல்லாவற்றையும் தோலோடு சேர்த்துத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அம்மாளை அறிந்தவர்களே, அந்தக் கல்லுக்குத் தம்பிடி கொடுக்காதீர்கள். ஓடு கொடுங்கள், மரம் கொடுங்கள், பேர் போடாமல் கொடுங்கள். அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை மட்டும்தான். குழந்தைகள் நனையாமல் தூங்கும்வரை அதை ஆறவிட மாட்டேன்.